நட்சத்திர விரிசல்

"அடிபட்டதே தெரியாமப் பண்ணித் தர முடியுமுங்களா?"

"யாருக்குத் தெரியாம?" என்று கேட்டார் அக்கா.

தெய்வசிகாமணி காரைத் திரும்பிப் பார்த்தார்.

டெம்போவிலிருந்து இறக்கிய மஞ்சள் பந்தயக் கார் கொட்டகை வாசலில் நின்றது. ஒற்றை இருக்கை. கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். உடம்பு முழுக்க ஃபைபர். வலது பக்கத்தில் ஒரு விரிசல். அதிலிருந்து ஒரு முழம் பின்னால் இன்னொன்று.

அக்கா என்றால் அமலோற்பவம். நாற்பத்திரண்டு வயது, தூத்துக்குடிக்காரர். மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டிப் பழகிய கை. கல்யாணமாகி கோயமுத்தூருக்கு வந்தால் இங்கே கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. பந்தயத் தடத்துக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, எங்களைப் போல வேகமாக ஓட்டி முட்டிக்கொள்கிறவர்களின் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. முட்டின பிறகு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க அக்கா ஒருத்தர்தான். அந்த வகையில் அவர் எங்களுக்கு குரு. அதை அவர் காதுபடச் சொன்னால் உப்புத்தாளைத் தூக்கி எறிவார்.

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. பீளமேட்டில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறைக்கு முதலாளி. முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுசன், அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்னத்துல அடிபட்டுச்சு அண்ணாச்சி?"

"தேங்காய் விழுந்துருச்சுங்க."

அக்கா விரிசலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உங்க ஊர்த் தேங்காய் பக்கவாட்டுலயா விழும்?"

பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அது அவருக்கு இல்லை. காது மடல் சிவந்துவிட்டது.

"விட்டுட்டுப் போங்க. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கிடலாம்."

"இல்லீங்க அம்மிணி. என்ற கையால பண்ணோணும். நீங்க சொல்லிக் குடுங்க."

"எதுக்கு?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

கார் அவர் மகன் மிதுனுடையது. மிதுன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். பூனாவில் வேலை. அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவான். அவர் மனைவி கமலவேணி சமையல்கட்டில் நின்று பேசுவார். தெய்வசிகாமணி கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். அது தெரிந்தே அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு வைப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா? மழை உண்டுங்களா? கார் எப்படி இருக்குது?"

ஆறு வருடமாக இந்த மூன்று கேள்விதான். நாலாவதாக ஒரு கேள்வி வரும் என்று அந்த மனுசன் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருப்பார். அப்பா எப்படி இருக்கார் என்று அவன் கேட்டதே இல்லை. சரி, காரையாவது கேட்கிறானே என்று மனதைத் தேற்றிக்கொள்வார். கார் அவர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது, அவன் கேட்பது அவர் வீட்டைத்தான் என்று ஒரு கணக்கு.

போன ஞாயிறு மிதுன் சொல்லிவிட்டான்.

"காரை வித்துரலாமுங்கம்மா. வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வருவாரு. பார்த்துட்டு எடுத்துக்குவாரு."

அவ்வளவுதான். கார் போய்விட்டால் அடுத்த ஞாயிறு இரண்டு கேள்விதான் மிச்சம்.

அன்று இரவு பூரா தூங்காமல் கிடந்து தெய்வசிகாமணி ஒரு திட்டம் போட்டார். காரைப் பழுது பார்த்து, அடி விழுந்த சுவடே இல்லாமல் ஆக்கி, ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புவது. பார்த்தால் அவனுக்கு விற்க மனசு வராது. அடி விழாத மாதிரி இருந்தால், அந்த நாளே நடக்காத மாதிரிதானே?

இதையெல்லாம் அவர் அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் துருவவில்லை. ஒரு பழைய சட்டையை எடுத்து நீட்டினார்.

"மாட்டிக்கிடுங்க. இது திங்கக்கிழமை. வெள்ளிக்கு நாலு நாள் கெடக்கு."

வெள்ளிக்கிழமையைப் பற்றித் தான் வாயே திறக்கவில்லையே என்று தெய்வசிகாமணி விழித்தார். டெம்போ டிரைவர் உளறியிருக்கிறான்.

"மொதல்ல உங்களுக்குத் தோணுனதைச் செய்யுங்க அண்ணாச்சி. நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

அவருக்குத் தோன்றியது பட்டி, பள்ளத்தை அடைக்கிற பசை. டப்பாவைத் திறந்தார், இரண்டு விரிசல் மேலும் பட்டியை வழித்துப் பூசினார், காயவிட்டுத் தேய்த்தார். சாயங்காலம் கையால் தடவினால் வழவழவென்று இருந்தது. எங்கே விரிசல் இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"எப்படிங்க?" என்றார். குரலில் பெருமை.

"நல்லாருக்கு. வெளிய நிறுத்திட்டுப் போங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை கார் வெயிலில் நின்றது. அக்கா வந்து, காருக்குள் கையை விட்டு, உள்பக்கத்திலிருந்து கட்டை விரலால் லேசாக அழுத்தினார்.

டிக்.

முடி அளவுக்குக் கோடுகள். அதே இடம், அதே நீளம்.

"எங்க போச்சுன்னு தேடுனீயளே, இங்கனதான் இருக்கு" என்றார் அக்கா.

தெய்வசிகாமணிக்கு எரிச்சல் வந்தது. வார்ப்புப் பட்டறைக்காரர் இல்லையா, அந்தப் புத்தி பேசியது.

"எங்க தொழில்ல இந்தப் பாடெல்லாம் இல்லீங்க. விரிசல் விட்டா உருக்கி மறுக்கா ஊத்திப்போடுவோம்."

"இதை உருக்கிப் பாருங்களேன்."

வெட்டிப்போட்ட ஃபைபர் துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, அக்கா தீப்பெட்டியையும் கொடுத்தார். அவர் நிஜமாகவே பற்றவைத்தார். கரும்புகை வந்தது, கண்ணீர் வந்தது, துண்டு உருகவில்லை. கருகி உதிர்ந்தது.

"ஒருக்கா இறுகிட்டா இறுகினதுதான் அண்ணாச்சி. திரும்ப மொதல்லேருந்து ஊத்த முடியாது. இருக்கிறதைத்தான் பிடிச்சு நிறுத்தணும்."

அவர் இருமினார். பிறகு உப்புத்தாளை எடுத்தார்.

"எவ்வளவு தேய்க்கறதுங்க?"

"விரிசல் ஓடியிருக்கிற வரைக்கும்."

இரண்டு இடத்திலும் பட்டியைச் சுரண்டிவிட்டு, முன்னால் இருந்த விரிசலைச் சுற்றி விரல் அகலத்துக்குத் தேய்த்தார்.

"இன்னும்."

இரண்டு விரல் அகலம்.

"இன்னும்."

"அட, நல்லா இருக்கற எடத்தையெல்லாம் தேய்க்கச் சொல்றீங்களே!"

"நல்லா இருக்கிற எடந்தான அண்ணாச்சி புதுசைப் பிடிச்சுக்கிடும். ஒடைஞ்ச எடம் எதைப் பிடிக்கும்?"

உள்ளங்கை அகலத்துக்குத் தேய்க்க வைத்துவிட்டார். வெளியே தேய்த்தது பாதி. மீதியை, ஓட்டுகிறவர் உட்காருகிற குழிக்குள் தலையை விட்டு, முதுகு வளைந்து, உள்பக்கமாகத் தேய்க்க வேண்டியிருந்தது. ஃபைபரில் இருக்கிற கண்ணாடித் தூள் கை, கழுத்து, சட்டைக்குள்ளே என்று எங்கும் இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய் நல்ல சுடுதண்ணியில் குளித்தார் பாருங்கள், அதுதான் புதுசாக வருகிற எல்லாரும் செய்கிற தப்பு. சூட்டில் தூள் தோலுக்குள் இறங்கிக்கொள்ளும். அரிப்பு தாளாமல் துள்ளினார்.

எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று கமலவேணி கேட்கவில்லை. தேங்காயெண்ணெயை எடுத்துவந்து கையில் தேய்த்துவிட்டார்.

"நாளைக்குப் பச்சத்தண்ணியில குளிங்க. மிதுனு அப்படித்தான் குளிப்பான்."

சொல்லும்போது அந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. தன் வீட்டுக் குளியலறையில் மகன் பச்சைத் தண்ணீரில் குளித்த காரணம் தெய்வசிகாமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தை மாதக் குளிரிலும் அப்படிக் குளித்தவனை, கிறுக்கன் என்று திட்டியிருக்கிறார்.

புதன்கிழமை ரெசின் கலக்கும் பாடம். ஃபைபரை ஒட்டுகிற திரவம் அது, ஹார்ட்னர் சேர்த்தால்தான் இறுகும்.

"குவளை ரெசினுக்கு இந்த மூடியில ஒரு மூடி ஹார்ட்னர். கூடவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் தெய்வசிகாமணி மூன்று மூடி ஊற்றினார். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, சீக்கிரம் இறுகினால் நல்லதுதானே என்று யோசனை. வாழ்க்கை முழுக்க அவர் யோசனை அப்படித்தான்.

கலக்கிக்கொண்டிருக்கும்போதே குவளை சுட்டது. கையை உதறினார். குவளையிலிருந்து புகை வந்தது. அக்கா ஓடிவருவதற்குள் உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. பிரஷ் அதில் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"போச்சு!" என்றார் தெய்வசிகாமணி.

அக்கா திட்டவில்லை. ஆறினதும் குவளையைப் பிரஷோடு எடுத்துப் போய்ச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒன்பது குவளைகள் பிரஷோடு தொங்கின. அதில் மூன்றாவது என்னுடையது.

"இது யாரு யாருதுங்க?"

"உங்க சொந்தக்காரங்கதான். அவசரக்காரங்க எல்லாம் ஒரே குடும்பம்லா?"

அவர் அந்தப் பத்தாவது குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரின் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தேங்காய் இல்லீங்க அம்மிணி."

"தெரியும்."

"நாந்தான் அடிச்சேன். பெரிய ஸ்பேனர் எடுத்து."

அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பந்தயத்துல வண்டி கவுந்துருச்சுங்க. போன் வந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிசம். அந்த நாற்பது நிமிசமும் என்ற பையன் செத்துட்டான்னு நெனச்சுட்டுத்தான் வண்டி ஓட்டுனேன். போய்ப் பார்த்தா தோள் எலும்பு ஒடைஞ்சதோட பொழச்சுக் கெடக்கறான். என்னைப் பார்த்து சிரிக்கறானுங்க."

"ம்."

"மூணு மாசம் கழிச்சு, புது உடம்பு வார்த்துக் கொண்டாந்து மாட்டி, மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, அடுத்த பந்தயத்துக்குப் போறேன்னு நிக்கறான். எனக்கு அந்த நாற்பது நிமிசம் மறுபடி வந்துருச்சு. காரு இல்லாமப் போனா பையன் இருப்பான்னுதாங்க அடிச்சேன்."

அவர் மஞ்சள் உடம்பின் மேல் கையை வைத்தார்.

"காரு இருக்குதுங்க. பையன் இல்லை."

அக்கா எழுந்தார். ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர். ஜாக்கெட்டில் செருகியிருந்த சில்லறைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, காரின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். நல்ல இடம் அப்படிச் சத்தம் கொடுக்கும். முதல் விரிசலைத் தாண்டி, இரண்டாவது விரிசலிடம் வந்ததும், டப், டப் என்றது.

"எத்தனை அடி அடிச்சீய?"

"ஒண்ணுதாங்க. ரெண்டாவதுக்குக் கை எந்திரிக்கலை."

"அப்ப இது?"

"அதே அடியில சேர்ந்து விட்டிருக்கும்."

"விடாது."

அக்கா உள்ளே போய் இரண்டு பழைய ஃபைபர் துண்டுகளை எடுத்துவந்தார். இரண்டிலும் ஒரு பக்கம் பளபளப்பு, பின்பக்கம் சொரசொரப்பு. ஒன்றை டயரில் சாய்த்துவைத்துப் பளபளப்பான பக்கத்தில் சுத்தியால் தட்டினார். தண்ணீரில் கல் போட்ட மாதிரி வட்டம் வட்டமாக விரிசல் விட்டது.

மற்றதைத் திருப்பிவைத்துப் பின்பக்கத்தில் தட்டினார். பளபளப்பான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவிலிருந்து நாலாபுறமும் கோடுகள் ஓடியிருந்தன. நட்சத்திரம்.

இரண்டு துண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு அக்கா தள்ளி நின்றுகொண்டார்.

தெய்வசிகாமணி காரின் பக்கத்தில் முட்டி போட்டார். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த விரிசல்கள்தான். முன்னால் இருந்ததில், தேய்த்தது போகவும் வட்டத்தின் சுவடு தெரிந்தது. அவர் அடித்தது.

பின்னால் இருந்தது நட்சத்திரம்.

"உள்ளேயிருந்து..." என்றார்.

"உள்ள ஏறி உக்காருங்க அண்ணாச்சி."

"எனக்கு அது பத்தாதுங்க."

"உக்காருங்க."

தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பந்தயக் கார் இருக்கை கடையில் வாங்குவது இல்லை. ஓட்டுகிறவனை உட்கார வைத்து, அவன் முதுகைச் சுற்றி நுரையை ஊற்றி, அவன் உடம்பின் அளவாகவே வார்ப்பது. வார்ப்புத் தொழிலில் நாற்பது வருடம் இருந்தவர். முதுகு பட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. வலது தோள் பக்கம் கொஞ்சம் உயரம். சின்ன வயதிலிருந்தே மிதுன் அப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவான். சாப்பிடும்போது நேராக உட்காரடா என்று அவர் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

இருபத்துநாலு வயது மிதுனின் முதுகு. ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் அவனைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"வலது கையை மடக்குங்க" என்றார் அக்கா.

மடக்கினார்.

"பக்கத்துல குத்துங்க. சும்மா, மெதுவா."

குத்தினார். முஷ்டி போய்ப் பட்ட இடத்தின் வெளிப்பக்கத்தில்தான் நட்சத்திரம் இருந்தது.

அவர் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு அடிச்சுப்போட்டு நான் வீட்டுக்குள்ள போயிட்டேனுங்க. பொழுது சாயற வரைக்கும் பையன் காருக்குள்ளயே உக்காந்துட்டு இருக்கறான், சாப்பிட வரமாட்டேங்கறான்னு அவ வந்து சொன்னா. கார்கூடவே குடும்பம் நடத்தட்டும்னு சொன்னேன்."

அக்கா கேட்டுக்கொண்டு நின்றார்.

"அடுத்த நாள் காலையில பையோட கிளம்பறான். வலது கையில கைக்குட்டை கட்டியிருந்துச்சு. பார்த்தேனுங்க. பேப்பருக்கு மேல பார்த்தேன்."

"கேட்டீயளா?"

"கேக்கலீங்க."

அப்புறம் அவர் அழுதார். முப்பது பேரை அதட்டுகிற குரலில் அழுகை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா போய்க் கொட்டகைத் தட்டியைச் சாத்திவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். பச்சைத் தண்ணீரில் குளித்திருந்தார். குவளை ரெசினுக்கு ஒரே ஒரு மூடி ஹார்ட்னர் ஊற்றி, மெதுவாகக் கலக்கினார்.

முதலில் வட்ட விரிசல்.

"வளைவான எடம். வெளியேருந்து டேப் ஒட்டினா நிக்காது" என்றார் அக்கா. "நான் உள்ள உக்காந்து கண்ணாடி நார் மேட் ஒட்டுதேன். நீங்க வெளிய பலகையை வச்சு உள்ளங்கையால தாங்கிப் பிடிங்க. அமுக்கக் கூடாது, விடவும் கூடாது."

"எவ்வளவு நேரமுங்க?"

"அதுவா இறுகுற வரைக்கும்."

அக்கா உள்ளே இறங்கினார். தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைத் தாங்கினார். உள்ளே பிரஷ் குத்தும் சத்தம் கேட்டது. அவர் கைக்கும் அக்கா கைக்கும் நடுவில் இரண்டு விரல் கனம்கூட இல்லை.

கால் மணி நேரம் ஆனது. கை மரத்தது.

"சூடு வருதுங்க."

"வரும். இறுகும்போது சூடு வரத்தான் செய்யும். பயந்து கையை எடுத்துராதீய, வளைஞ்சு போயிரும்."

"எடுக்கலீங்க."

"ஆறுற வரைக்கும் அப்படியே இருங்க."

இருந்தார். சூடு வந்தது, நின்றது, மெல்ல ஆறியது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு காரியத்துக்கு அத்தனை நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா உள்ளேயிருந்து நாணயத்தால் தட்டினார்.

டங்.

இருவரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெளிப்பக்கம் தேய்த்து, மஞ்சள் பூசி முடித்தார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நிறம் ஒரு பொட்டு வித்தியாசம் தெரிந்தது. தெரியட்டும் என்று அவரே சொன்னார்.

"அடுத்தது நட்சத்திரமுங்க. ரெசின் கலக்கட்டுங்களா? மத்தியானத்துக்குள்ள முடிச்சுப்போடலாம். சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்பிட்டா, நாளைக்கு வர்ற ஆளை..."

அக்கா காரை விட்டு வெளியே ஏறி, இடுப்பில் கையை ஊன்றி நெளிவு எடுத்தார்.

"எனக்கு முடியாது அண்ணாச்சி."

"ஏனுங்க?"

"முதுகு வலிக்கு. அந்த இருக்கை வேற ஆளுக்கு வார்த்தது."

"அப்ப நான் உள்ள உக்காந்துக்கறேன். நீங்க வெளிய பிடிங்க."

"உங்க முதுகுக்கும் அது ஒத்துவரலையே. நேத்து பாத்தோம்லா?"

"அப்புறம் யாருங்க உக்கார்றது?"

அக்கா கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். தெய்வசிகாமணியின் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

தெய்வசிகாமணி நட்சத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். ரெசின் வாசம் பிடித்த கையால் போனை எடுத்தார். மகனின் எண் அதில் ஆறு வருடமாக இருந்தது. ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

அழுத்தினார்.

மணி போனது. அஞ்சு தடவை, ஆறு தடவை. எடுக்கமாட்டான் என்று அவருக்குத் தோன்றியபோது சத்தம் நின்றது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"மிதுனு..."



எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்துவைத்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேலையைப் பற்றித்தான் பேச வந்தது.

"கார்ல ரெண்டு விரிசல் இருந்துச்சு சாமி. ஒண்ணு நான் அடிச்சது. அதைப் பிடிச்சுட்டேன். என்ற கையாலயே."

மூச்சு.

"இன்னொண்ணு உள்ளேயிருந்து அடிச்சது. இத்தனை வருசமா எனக்குத் தெரியாது. நேத்துத்தான் தெரிஞ்சுது."

மூச்சும் நின்றது.

"அந்தக் கை இப்ப எப்படி இருக்குது கண்ணு?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது. சின்ன வயதில் அடிவாங்கி அழுது முடித்ததும் வருகிற அதே சத்தம். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீ காரை வித்தாலும் சரி, வெச்சுக்கிட்டாலும் சரி, அது உன்ற இஷ்டம். ஆனா அந்த விரிசலைப் பிடிக்க ரெண்டு ஆள் வேணுங்கறாங்க. உள்ள ஒருத்தர் உக்காரோணும். எனக்கு அந்த இருக்கை பத்தலை. நான் வெளிய கையை வெச்சுட்டு நிக்கறேன் சாமி. ஆறுற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

ரோட்டில் ஒரு பஸ் போனது. அதன் சத்தம் அடங்கும் வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"ஹார்ட்னர் யாருங்கப்பா கலக்கறது?"

"நாந்தான். ஏன்?"

"நீங்க கலக்க வேண்டாமுங்கப்பா. நான் வந்து கலந்துக்கறேன்."